வண்டி மாட்டுக்குப் பேர் என்ன?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 ஸ்டார்ட்டர் செட் (புதியவர்களுக்கான) பெட்டி ஒன்று தெரிந்தவர் மூலமாகக் கைக்கு வந்திருக்கிறது. ஆட நான்கு நண்பர்கள் தயார், ஆனால் ஒருவருக்கும் முன்பழக்கம் இல்லை. பெட்டி உங்களிடம் இருக்கிறது என்பதற்காக, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் வேலையையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். முன்னூறு பக்க விதிப் புத்தகத்தை முழுக்கப் படிக்க வேண்டுமா, கதையை எவ்வளவு தூரம் எழுதி வைத்துக்கொள்வது, நடுவில் தடுமாறினால் எப்படிச் சமாளிப்பது?

முன்னூறு பக்கம் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் 32 பக்க விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், சண்டைப் பகுதியை மட்டும் இன்னொரு முறை. 64 பக்க சாகசப் புத்தகத்தில் முதல் பகுதி போதும். உங்கள் நண்பர்கள் அதைத் தாண்டவே இரண்டு மூன்று உட்காரல் ஆகும். கேரக்டர் உருவாக்குவதும் இப்போது வேண்டாம். தயாராக ஐந்து கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் திறமைகளை எண்களோடு எழுதிய தாள்) பெட்டியிலேயே இருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளட்டும். (அந்த நான்கு நண்பர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே கதையின் ரகசியம் உடைகிறது.)

கதையை எவ்வளவு எழுதுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. நான் அடி வாங்கியதும் அதில்தான்.

என் முதல் ஆட்டமும் இதே பெட்டிதான். ஒரு வாரம் லீவு நாள் மாதிரி உட்கார்ந்து பதினாலு பக்கம் குறிப்பு எழுதினேன். ஊரின் சரித்திரம், அங்கே யார் யாருக்குச் சொந்தம், பாழடைந்த மாளிகை யாருடையது, எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நால்வர் வந்து உட்கார்ந்தார்கள். குன்ட்ரன் என்ற ட்வார்ஃப் (குள்ள இனத்தவர்) உங்களை வேலைக்கு வைத்திருக்கிறார், நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபான்டலின் என்ற சின்ன ஊருக்கு ஒரு வண்டி சரக்கு கொண்டுபோக வேண்டும், இரண்டு மாடு பூட்டிய வண்டி என்று வாசித்துவிட்டு, “இப்ப என்ன செய்றீங்க?” என்றேன்.

“மாடுங்களுக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள் ஒருத்தி.

பதினாலு பக்கத்தில் அது மட்டும் இல்லை. “பேரெல்லாம் இல்ல” என்றேன். “பேர் இல்லாத மாடா?” என்று அவளே ஒன்றுக்குக் கருப்பன் என்றும் இன்னொன்றுக்குக் குண்டன் என்றும் வைத்துவிட்டாள். அப்புறம் காட்டுப்பாதையில் காப்ளின்கள் (குள்ளமான அரக்கர்கள்) பாய்ந்து, சண்டை முடிந்து, அவை வந்த தடம் காட்டுக்குள் போகிறது என்றேன். வண்டி அதற்குள் போகாது. மாடுகளை யார் பார்த்துக்கொள்வது என்று நால்வரும் பேச ஆரம்பித்தார்கள். கட்டிப்போட்டுவிட்டுப் போனால் ஓநாய் வராதா, அவிழ்த்துவிட்டால் திரும்பி வருமா, ஒருத்தர் காவலுக்கு நிற்கலாமா. கால் மணி நேரம் ஓடியது. எனக்கு அந்தத் தடம் போய்ச் சேரும் காப்ளின் குகைக்குப் போகிற அவசரம். “மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, வாங்க போலாம்” என்று முடித்துவைத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அதுதான். அவர்களுக்கு ஆட்டம் அந்த மாடுகளில்தான் தொடங்கியிருந்தது. நான் அதை அணைத்துவிட்டு என் பதினாலு பக்கத்துக்கு அழைத்துப் போனேன். அதற்கப்புறம் குகையில் எதைக் கேட்டாலும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். “நாங்க என்ன செய்யணும்?” என்று ஒருவன் கேட்டேவிட்டான்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டுவோம். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டோம் என்று பாட்டி நிறுத்திவிடுவாள். புதிதாக வரும் கேம் மாஸ்டர்கள் பெரும்பாலும் தங்களை அந்தப் பாட்டியாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவர்கள் ‘ம்’ கொட்ட வந்தவர்கள் இல்லை. அவர்கள் செய்வதற்கெல்லாம் ‘சரி, அதனால் இப்படி ஆகிறது’ என்று பதில் சொல்ல வந்தவர் நீங்கள். கதை எது என்பது ராத்திரி எல்லாரும் கிளம்பும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

இது என் சொந்தத் தத்துவம் இல்லை, இந்த விளையாட்டின் பிறவிக் குணம். கேம் மாஸ்டரின் மூதாதை ஒரு நடுவர். 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர்ப் பயிற்சிக்காக ஒரு வரைபட விளையாட்டைக் கொண்டுவந்தார். இரண்டு அணியும் நடுவரிடம் கட்டளையைச் சொல்லும், நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, என்ன நடந்தது என்று சொல்வார். விதிகள் பெருத்துப்போய் ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்பவர் அட்டவணைகளைத் தள்ளிவைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவரின் மதிப்பீடா என்ற இந்தப் பழைய இழுபறி உங்கள் மேஜையிலும் வரும்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கம் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டு நடத்தினார். படைகள் மோதுவதற்கு முன் ஒரு கற்பனை ஊர், அதில் ஆளுக்கு ஒரு பாத்திரம், ஆளுக்கு ஒரு தனி நோக்கம். ஆட்டம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆட்கள் தனித்தனியாகப் போய் ரகசியம் பேசினார்கள். இருவர் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்குக் கிளம்ப, அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அங்கேயே ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. ஆட்டம் கெட்டுப்போனது என்று அவர் நினைத்தார், ஆடியவர்களோ இன்னொரு தடவை வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் பிறகு பிளாக்மூர் என்ற தன் கற்பனை நாட்டில் இதே மாதிரி நடத்தினார். அவரும் விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்ற ஊரில் இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதியதுதான் 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். ஆக, ‘நான் போட்ட திட்டம் கலைந்துவிட்டது’ என்று உங்களுக்குத் தோன்றும் கணத்தில்தான் இந்த விளையாட்டே பிறந்தது.

சரி, அப்படியானால் தயாரிப்பே வேண்டாமா? வேண்டும். நிகழ்ச்சி வரிசையாக எழுதாமல், யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. காப்ளின் குகையின் தலைவன் ஒரு பக்பேர், காப்ளினைவிடப் பெரிய முரட்டு அரக்கன். அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யீமிக் என்ற காப்ளினுக்குத் தலைவன் மேல் கடுப்பு, அவன் இடம் தனக்கு வர வேண்டும். யீமிக்கின் பிடியில் சில்டார் என்ற மனிதர் கைதியாக இருக்கிறார். சண்டை தனக்கு எதிராகத் திரும்பினால் யீமிக் கைதியை மேடை விளிம்புக்கு இழுத்து வந்து மிரட்டிப் பேரம் பேசுவான்: தலைவன் தலையைக் கொண்டுவா, இவரை விடுகிறேன். கொண்டுவந்தாலும் சொன்ன வார்த்தையில் நிற்காமல் பணம் கேட்பான்.

இதை ‘முதலில் சண்டை, அப்புறம் பேரம், அப்புறம் துரோகம்’ என்று எழுதி வைத்தீர்களானால், உங்கள் ஆட்கள் குகைக்குள் போகாமல் வாசலில் புகை மூட்டியதும் கதை அறுந்துவிடும். ‘யீமிக்குக்கு நாற்காலி வேண்டும், உயிர் மேல் ஆசை, கையில் ஒரு கைதி’ என்று மட்டும் எழுதி வைத்தால், புகை மூட்டினாலும் சரி, ஏமாற்றி நுழைந்தாலும் சரி, அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். புகைக்கு இருமிக்கொண்டே கைதியை இழுத்து வெளியே வந்து பேரம் பேசுவான். நான் இப்போதெல்லாம் ஒரு உட்காரலுக்கு ஒரு பக்கம்தான் எழுதுகிறேன். நான்கைந்து பேர், அவர்கள் ஆசை, அவர்கள் பயம், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாருக்கும் வைக்காத பத்துப் பெயர்கள். வழியில் சந்திக்கும் விறகுவெட்டியின் பேரைக் கேட்டதும் பட்டியலில் அடுத்ததைச் சொல்லி, பக்கத்தில் ‘விறகுவெட்டி’ என்று குறித்துக்கொள்வேன். மாடு தந்த பாடம்.

அவர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தால், அதற்கு ஒரே ஒரு தடயம் வைக்காதீர்கள். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற வடிவமைப்பாளர் மூன்று வைக்கச் சொல்வார். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் பிடிப்பார்கள்.

விதிகளுக்கு வருவோம். முதல் நாளுக்கு நிஜமாகத் தேவைப்படுவது ஒரு வரி: இருபது முகப் பகடையை உருட்டு, ஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டு, நான் மனசில் வைத்த எண்ணை எட்டினால் நடந்தது. மனசில் வைக்க மூன்று எண் போதும். சுலபமானதுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. அந்த வேலையில் தேர்ந்தவருக்கு 5 கூடும் என்று வைத்துக்கொண்டால், 15-ஐ எட்ட அவருக்குப் பகடையில் 10 விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. எதுவும் கூடாதவருக்கு 30. சூழ்நிலை கைகொடுத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கட்டும், காலை வாரினால் சின்னதை. அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் என்று சொல்வது இதைத்தான். நூறு கேள்விக்கு இந்த ஒன்றே பதில் சொல்லிவிடும்.

பகடையை எப்போது உருட்டச் சொல்வது என்பது அதைவிட முக்கியம். தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்றால் உருட்ட விடாதீர்கள். நிதானமாகத் தேட நேரம் இருக்கிறது, பெட்டி மூலையில் இருக்கிறது என்றால் பெட்டி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். பூட்டைத் திறக்கும்போது பக்கத்து அறையில் காவலன் இருந்தால் உருட்டச் சொல்லுங்கள். அங்கேயும் தோற்றால் ‘திறக்கவில்லை’ என்று விடாமல், ‘திறந்துவிட்டது, ஆனால் கம்பி முறிந்து தரையில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது’ என்று சொல்லலாம். ஆட்டம் நகர வேண்டும்.

தெரியாத விதி ஒன்று வரும், கட்டாயம் வரும். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிஷம் புரட்டாதீர்கள். “இன்னைக்கு இப்படி வெச்சுப்போம், வீட்டுல பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்” என்று ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒரே ஒரு விலக்கு: யாருடைய கேரக்டராவது சாகப்போகிறது என்றால் நிறுத்திப் பாருங்கள். அங்கே அவசரத் தீர்ப்பு மனஸ்தாபமாகிவிடும்.

சாவு என்றதும் எச்சரிக்கை ஒன்று. உங்கள் பெட்டியின் முதல் சண்டை, சாலையில் பாயும் அந்த நான்கு காப்ளின்கள், பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அது பல புதுக் குழுக்களைப் படுக்கவைத்த சண்டை. கணக்கைப் பாருங்கள். கவசம் போடாத மந்திரவாதியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவர் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண், 12 என்று வையுங்கள். காப்ளின் தன் உருட்டலோடு 4 கூட்டும், 8 விழுந்தாலே அடி படும். இருபதில் பதின்மூன்று முகங்கள். அடி ஒன்றுக்குச் சராசரி ஐந்தரை புள்ளி. மந்திரவாதியிடம் இருப்பது மொத்தமே எட்டு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பக்கம். நான்கும் அவர் ஒருவரையே குறிவைத்தால் முதல் சுற்றிலேயே சராசரியாக 14 புள்ளி போகும். அவர் ஒரு முறைகூடப் பேசாமல் விழுவார், ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போன முகத்தோடு போனை எடுப்பார்.

எனவே அடியைப் பிரித்துக் கொடுங்கள். புத்தகமே இரண்டு காப்ளின்களைக் கத்தியோடு முன்னால் விடுகிறது, இரண்டை வில்லோடு தள்ளி நிறுத்துகிறது. முன்னால் வருவதை இரும்புக் கவசம் போட்டவர் மேல் விடுங்கள். அவருடைய ஆர்மர் கிளாஸ் 17, 18 இருக்கும். அங்கே காப்ளினுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 40, 35 என்று இறங்கிவிடும். இது சலுகை இல்லை, கண் எதிரே வாளோடு நிற்பவனைத்தான் எந்தக் காப்ளினும் முதலில் பார்க்கும். மூன்று விழுந்ததும் நாலாவது ஓடட்டும். உயிருக்குப் பயப்படும் எதிரிதான் நிஜமானவனாகத் தெரிவான், சண்டையும் சீக்கிரம் முடியும்.

ஹிட் பாயின்ட் பூஜ்யமானால் உடனே சாவு இல்லை என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுவார், 10-ம் அதற்கு மேலும் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் பிழைத்தார், மூன்று தோல்வி சேர்ந்தால் போனார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு எழுந்து உட்காருவார். யாராவது குணப்படுத்தும் மந்திரம் போட்டாலும் எழுந்துவிடுவார். எல்லாருமே விழுந்துவிட்டார்கள் என்றால்? புத்தகத்தில் அதற்கும் வழி இருக்கிறது: காப்ளின்கள் கொல்வதில்லை, மயங்கிக் கிடப்பவர்களிடம் இருப்பதையும் வண்டியையும் சுருட்டிக்கொண்டு குகைக்குப் போய்விடும். கருப்பனும் குண்டனும் திருடு போன ஆட்டத்தை நான் ஒருமுறை நடத்தியிருக்கிறேன். அந்தக் குழு குகைக்குள் போன வேகம் மாதிரி வேறெந்தக் குழுவும் போனதில்லை.

பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். நல்ல கேம் மாஸ்டர்கள் பலர் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. மேஜை நடுவில், எல்லார் கண்ணெதிரே உருட்டுகிறேன். ஒருமுறை மாற்றினது தெரிந்துவிட்டால் அப்புறம் அவர்கள் ஜெயித்ததெல்லாம் நான் போட்ட பிச்சை மாதிரி ஆகிவிடும். கருணை காட்ட வேண்டுமென்றால் பகடையைத் தொடாமல் எதிரியின் முடிவை மாற்றுங்கள். காப்ளின் அடிக்காமல் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமே.

தமிழில் ஆடப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆர்மர் கிளாஸ், ரோல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், மொழிபெயர்த்துக் கஷ்டப்பட வேண்டாம். ஆனால் பாத்திரங்கள் பேசும்போது தமிழில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலத்தில் நடத்துகிறவருக்கு அது கிடையாது. குரலை மாற்றிப் பேச வராது என்று புதியவர்கள் தயங்குவார்கள். குரல் எதற்கு? விளிக்கிற விதம் போதும். விடுதிக்காரர் பிரபு வம்சத்துப் போர்வீரனைப் பார்த்து “வாங்கய்யா, உக்காருங்க” என்பார், அவன் பின்னால் வரும் குட்டித் திருடனிடம் “நீ என்னப்பா வேணும்?” என்பார். ஒரு வர்ணனையும் இல்லாமல் யாருக்கு என்ன மதிப்பு என்று மேஜைக்கே தெரிந்துவிடும். யீமிக் முதலில் “டேய், கத்தியைக் கீழ போடுறா” என்று கத்தட்டும். பேரம் படிகிற நேரத்தில் “நீங்க பெரியவங்க, பார்த்து முடிச்சுக் குடுங்க” என்று இறங்கட்டும். என் மேஜையில் அந்த ‘நீங்க’ வந்த நொடியில் ஒருவன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “இவன் ஏதோ திட்டம் போடுறான்” என்றான். எந்த உருட்டலும் இல்லாமல் பிடித்துவிட்டான். அப்படிப் பிடித்தால் விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

ஆடத் தொடங்கும் முன் அரை மணி நேரம் சும்மா பேசுங்கள். சிரிப்பாக வேண்டுமா, பயமாக வேண்டுமா, எது மேஜைக்கு வரவே கூடாது. குழந்தைகளைத் துன்புறுத்துவது, பாலியல் வன்முறை இரண்டும் என் மேஜையில் கிடையாது என்று நானே முதலில் சொல்லிவிடுவேன். நாம் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். ஒருவர் சிலந்தி வேண்டாம் என்றார், சிலந்தி இல்லை, காரணமும் கேட்கவில்லை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் பரப்பிய எக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு: எக்ஸ் எழுதிய அட்டை மேஜை நடுவில் இருக்கும், பிடிக்காத காட்சி வந்தால் தொட்டால் போதும், விளக்கம் இல்லாமல் அதைத் தாண்டிவிட வேண்டும். தெரிந்த நண்பர்கள்தானே, எதற்கு என்று தோன்றும். தெரிந்தவர்களிடம்தான் சொல்லக் கூச்சம் அதிகம்.

நால்வரில் ஒருவர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்வார், ஒருவர் பேசவே மாட்டார். பேசாதவரிடம் “நீ என்ன பண்ற?” என்று பொதுவாகக் கேட்டால் இன்னும் சுருங்குவார். குறிப்பாகக் கேளுங்கள்: “மத்தவங்க கதவைப் பாக்குறாங்க. உனக்குப் பின்னாடி இருட்டுல ஏதோ சலசலப்பு. திரும்புறியா, இவங்களைக் கூப்புடுறியா?” இரண்டு வழி கையில் கொடுத்தால் மூன்றாவதைத் தானே சொல்வார்கள். முந்திக்கொள்பவரை அடக்க வேண்டாம். விதியெல்லாம் தேடிப் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் முதல் நாள் இழுக்காதீர்கள். சாப்பாட்டை நடுவில் வைக்காமல் முன்னாலோ பின்னாலோ வையுங்கள், பிரியாணி வந்த பிறகு எந்தக் காப்ளினும் பயமுறுத்தாது. குகையை முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, யாரோ ஒரு கதவைத் திறக்கும் இடத்தில் நிறுத்தலாம்.

எல்லாரும் கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது பிடித்தது, அடுத்து எங்கே போகப் போகிறீர்கள். இரண்டாவதற்கு வரும் பதில்தான் அடுத்த வாரத் தயாரிப்பு, அவர்கள் போகாத இடத்தை நீங்கள் எழுத வேண்டியதில்லை. அவர்கள் வைத்த பெயர்களை எல்லாம் அன்று ராத்திரியே குறித்துக்கொள்ளுங்கள், காலையில் மறந்துவிடும். அடுத்த தேதியையும் வாசலில் செருப்பு போடுவதற்குள் முடிவு பண்ணிவிடுங்கள். ஒருவர் வராவிட்டாலும் மூன்று பேரோடு ஆட்டம் உண்டு என்று சொல்லிவையுங்கள். வீட்டுக்குப் போனபின் வாட்ஸ்அப்பில் “அடுத்த ஞாயிறு ஓகேவா?” என்று போட்டால், இரண்டு நீல டிக் மட்டும்தான் பதிலாக வரும்.